ஆற்றங்கரையில் ஒரு பூங்கா



தோட்டத்தில் வாழும் நமக்கு மரமும் ஆறும் புதுமையான பொருள்கள் அல்ல. விடிந்தால் மரத்தின் முகத்தில் விழிக்கிறோம். வேலை முடிந்தால் ஆற்றங்கரைக்குப் போகிறோம். அப்படியிருக்க, ஓர் ஆற்றையும் சில மரங்களையும் பார்ப்பதற்காகக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு அண்டை நாட்டுக்குப் போய் வந்தோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் தோட்டத்திலும் சிரித்தார்கள். ஆனால் போய் வந்தவர்கள் சிரிக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்வதே இன்றைய பேச்சு.

ஜொகூர் மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் நாங்கள் ஆசிரியர்களாக இருக்கிறோம். ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளைகளை எங்காவது அழைத்துச் செல்வது வழக்கம். சிங்கப்பூர் மிருகக்காட்சிச் சாலைக்குப் போக வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நுழைவுச் சீட்டுக் கட்டணத்தைச் சிங்கப்பூர் வெள்ளியிலிருந்து நம் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தோம். பெற்றோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான், "பாலத்தைக் கடந்ததும் உட்லண்ட்ஸ். அங்கே ஆறு ஓடும் பெரிய பூங்கா இருக்கிறது. நுழைவுக்குக் காசு இல்லை" என்று சொன்னோம். பஸ் செலவு மட்டும்தான் என்றதும் எல்லாரும் சம்மதித்தார்கள். பிள்ளைகள் 22 பேர், பெரியவர்கள் 14 பேர், கட்டுச்சோறு இரண்டு அண்டா. இப்படிப் புறப்பட்டோம்.

விடியுமுன் பஸ் ஏறினாலும் பாலத்தில் வரிசையில் நின்றுதான் ஆக வேண்டும். அந்த நேரத்தை வீணாக்காமல் பிள்ளைகளுக்குப் பாலத்தின் கதையைச் சொன்னோம். ஜொகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் இந்தக் கடற்பாலம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளம் உடையது. 1923-ஆம் ஆண்டிலேயே இதன்மேல் ரயில் ஓடியது. 1924-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது. கடலில் கல்லைக் கொட்டி எழுப்பிய பாதை இது. பாலத்தின் ஓரமாகப் பெரிய பெரிய குழாய்கள் ஓடுவதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். "அதில் என்ன போகிறது?" என்று கேட்டார்கள்.

தண்ணீர்தான் போகிறது. நம் ஜொகூர் ஆற்றுத் தண்ணீரைச் சிங்கப்பூர் வாங்குகிறது. 1962-ஆம் ஆண்டு செய்த ஒப்பந்தப்படி, ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒப்பந்தம் 2061-ஆம் ஆண்டு வரை செல்லும். 1963-ஆம் ஆண்டு மழை பொய்த்தபோது சிங்கப்பூரில் தண்ணீருக்குப் பங்கீடு வைத்தார்கள். ஏறத்தாழப் பத்து மாதம் அந்தத் துன்பம் நீடித்தது. ஆகவே, தண்ணீர் இல்லாத வேதனையை அனுபவித்து அறிந்தவர்கள் அவர்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பூங்காவைப் பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னோம். அந்தச் சொல் உங்களுக்கும்தான்.

நேயர்களே, உட்லண்ட்ஸ் இன்று இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வாழும் நகரம். எங்கு பார்த்தாலும் அடுக்குமாடி வீடுகள். ஆனால் சிங்கப்பூரின் இந்த வடபகுதி ஒரு காலத்தில் ரப்பரும் அன்னாசியும் விளைந்த நிலம். அக்காலத்துத் தோட்ட முதலாளிகளில் பெயர் பெற்றவர் லிம் நீ சூன் என்னும் சீனர். பக்கத்து நகரமான யீஷூன் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. எங்களோடு வந்தவர்களில் 70 வயதைக் கடந்த பாட்டி ஒருவர் உண்டு. சின்ன வயதிலேயே தாயோடு தீம்பாருக்குப் போய் மங்கு துடைத்தவர். "வாத்தியாரே, இங்கே பால்மரம் இருந்ததா? அப்ப நம்ம ஆளுங்க எங்கே போனாங்க?" என்று கேட்டார். "வீடுகளுக்குள் இருக்கிறார்கள், பாட்டி. மார்சிலிங்கில் கோயில்கூட இருக்கிறது" என்றோம். பாட்டி சற்று நேரம் பேசவில்லை.

அட்மிரல்டி பூங்கா என்பது நாங்கள் போன இடத்தின் பெயர். மொத்தம் 27 ஹெக்டர். நம் கணக்கில் சொன்னால் 66 ஏக்கருக்கும் மேல். ஒரு கங்காணி பார்க்கும் வெளிக்காடு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள், அளவு விளங்கும். அதில் ஏறத்தாழ 7 ஹெக்டர்தான் விளையாடவும் நடமாடவும் அமைத்த பகுதி. மீதி 20 ஹெக்டர் அப்படியே இயற்கையாக விடப்பட்டிருக்கிறது. நடுவே ஓடும் ஆற்றின் பெயர் சுங்கை சீனா. சீன ஆறு என்று பொருள். கடலோடு சேரும் ஆறு ஆனபடியால் கரை நெடுகக் கண்டல் மரங்கள் நிற்கின்றன. நம்மவர்கள் பாக்காவ் மரம் என்பார்களே, அதுதான். சேற்றில் கால் படாமல் நடப்பதற்குப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு முதலில் ஆறு கண்ணில் படவில்லை. சறுக்கு மரங்கள்தான் பட்டன. 2017-ஆம் ஆண்டு பூங்காவைப் புதுப்பித்தபோது 26 சறுக்கு மரங்களை அமைத்திருக்கிறார்கள். அங்கே நிலம் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. வேறு யாராவது என்றால் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிச் சமமாக்கியிருப்பார்கள். இவர்கள் மேட்டை மேடாகவே விட்டு, சரிவிலேயே சறுக்கு மரத்தை வைத்துவிட்டார்கள். நம் பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். சீனப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும் வரிசையில் நின்றார்கள். வரிசையில் யார் எந்தத் தோட்டம், யார் எந்த மாடி என்று எவரும் கேட்கவில்லை. பொதுப் பூங்கா என்பதன் முதற்பாடம் இதுதான். காசுள்ளவன் வீட்டுக்குள் தோட்டம் போட்டுக்கொள்வான். காசில்லாதவன் பிள்ளைக்கு ஊர்தான் தோட்டம் போட்டுத் தர வேண்டும்.

உச்சி வெயிலில் நிழலில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தோம். சாப்பிட்ட பிறகு ஒரு தாயார் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தொட்டி சற்றுத் தூரத்தில் இருந்தது. "ஊரா இருந்தா ஓடையிலே போட்டிருப்பேன்" என்று அவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அந்த இடம் அமைதியாகிவிட்டது. ஏனென்றால் அவர் ஒருவர் மட்டும் போடுகிற குப்பை அல்ல அது.

இப்போது உங்களிடம் ஒளிக்காமல் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. வளைந்து வளைந்து போய்த் தெப்ராவ் ஆற்றில் சேர்கிறது. முன்பு அதில் மீன் பிடித்தோம், துணி துவைத்தோம், பிள்ளைகளைக் குளிப்பாட்டினோம். வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ஓடையை மறந்தோம். மறந்ததோடு நின்றோமா? குப்பைத் தொட்டியாகவும் ஆக்கினோம். புல்லுக்கு மருந்தடித்த தோம்பைக் கழுவுவதும் அங்கேதான். பள்ளிக்கூடத்துக் குப்பையையும் பல ஆண்டுகள் அதன் கரையில்தான் கொட்டினோம். பாடப் புத்தகத்தில் சுற்றுப்புறத் தூய்மையைக் கற்பித்துவிட்டு, மாலையில் குப்பைக் கூடையை மாணவர் கையிலேயே கொடுத்து அனுப்பியவர்கள் நாங்கள்.

இந்தப் பயணத்துக்கு முந்திய ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அந்த ஓடையில் விளையாடினான். காலில் சிறு வெட்டுக் காயம் இருந்தது. சில நாள் கழித்துக் கடுங்காய்ச்சல், கெண்டைக்காலில் பொறுக்க முடியாத வலி, கண் சிவப்பு. மருத்துவமனையில் எலிக்காய்ச்சல் என்றார்கள். குப்பை சேர்ந்த இடத்தில் எலி சேர்கிறது. எலியின் சிறுநீர் நீரில் கலக்கிறது. அதிலுள்ள கிருமி, புண் வழியாக உடம்புக்குள் புகுகிறது. ஒன்பது நாள் படுக்கையில் கிடந்து பையன் பிழைத்து வந்தான். அவனும் உட்லண்ட்ஸுக்கு எங்களோடு வந்திருந்தான். பலகைப் பாதையில் நின்று ஆற்றைப் பார்த்தவன், "சார், இந்த ஆத்திலே இறங்கினா காய்ச்சல் வராதா?" என்று கேட்டான். அவனுக்கு ஆறு என்றால் காய்ச்சல்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு பிள்ளையின் மனத்தில் ஆற்றை இப்படி ஆக்கிவைத்தது யார்?

நேயர்களே, சிங்கப்பூர் ஆறுகள் தொடக்கத்திலிருந்தே இப்படித் தூய்மையாக இருந்தன என்று எண்ணவேண்டாம். சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆற்றுப் படுகையும் ஒரு காலத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கவேண்டியவையாக இருந்தன. பன்றிப் பண்ணைக் கழிவு, வாத்துப் பண்ணைக் கழிவு, அங்காடி எச்சில், படகு எண்ணெய் எல்லாம் அங்கேதான். 1977-ஆம் ஆண்டு அப்போதைய பிரதமர் லீ குவான் யூ, பத்தாண்டில் ஆறுகளைத் தூய்மையாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். 1987-இல் அந்த வேலை நிறைவேறியது. இதைச் சொல்லும்போது மற்றொன்றையும் மறைக்கக் கூடாது. ஆறு சுத்தமாவதற்காகப் பண்ணைக்காரர்களும் தெரு வியாபாரிகளும் புறம்போக்குக் குடிசைக்காரர்களும் ஆயிரக்கணக்கில் இடம் பெயர்ந்தார்கள். 1983-இல் சரக்குப் படகுகளும் ஆற்றைவிட்டுப் போயின. தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேறிய குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. ஆகவே அந்த வலி நமக்குப் புரியும். தூய்மைக்கு விலை உண்டு. அதை ஏழை மட்டுமே கொடுக்கும்படி விட்டுவிடலாகாது.

அதே காலாங் ஆற்றின் வேறொரு பகுதியில் நடந்தது இன்னும் வியப்பானது. வெள்ளத்துக்குப் பயந்து அதை நேரான காங்கிரீட் வாய்க்காலாகக் கட்டியிருந்தார்கள். பீஷான் அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்த வாய்க்கால் ஓடியது. பிறகு அந்தக் காங்கிரீட்டையே உடைத்தார்கள். பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து ஓடும்படி ஆற்றை விட்டார்கள். நீளம் 3 கிலோமீட்டர் ஆயிற்று. 2012-ஆம் ஆண்டு அது மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

காங்கிரீட் இல்லாமல் கரை எப்படி நிற்கிறது? வேர் பிடித்து நிற்கிறது. கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, கல்லையும் மண்ணையும் சேர்த்து வைத்து, வேர் ஓடும் செடிகளை நட்டார்கள். இது நமக்குத் தெரியாத வித்தையா? மேட்டு நிலத்தில் செம்பனைக் கன்று நடும்போது மண் கரையாமல் இருக்கக் கொடிச்செடி விடுகிறோமே, அதே கருத்துத்தான். வெயில் நாளில் ஆறு ஒடுங்கி ஓடுகிறது. மக்கள் கரையில் இறங்கி விளையாடுகிறார்கள். பெருமழையில் ஆறு விரிந்து பூங்காப் புல்வெளியையும் எடுத்துக்கொள்கிறது. ஏறத்தாழ 100 மீட்டர் அகலம் வரை பரவுமாம். நீர் ஏறும்போது விளக்கும் சங்கொலியும் எச்சரிக்கும்; மக்கள் மேட்டுக்கு ஏறிவிடுவார்கள். ஆற்றுக்கு இடம் கொடுத்தால் அது வீட்டுக்கு வராது என்னும் எளிய உண்மை இது. நகரத்து ஆறுகளிலிருந்து மறைந்துபோயிருந்த நீர்நாய்கள் அந்தப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு திரும்பி வந்தன.

சீன நாட்டிலும் இப்படி ஒரு பூங்கா உண்டு. செங்டு என்னும் பெருநகரில், ஆற்றங்கரையில், 1998-ஆம் ஆண்டு அமைத்தார்கள். அழுக்கான ஆற்று நீரை மேலே ஏற்றி, கல் தொட்டிகளிலும் செடி வளர்ந்த குளங்களிலும் படிப்படியாக இறங்கி வரும்படி செய்திருக்கிறார்கள். செடியின் வேரும் அங்கே வாழும் நுண்ணுயிரும் அழுக்கைத் தின்கின்றன. கடைசிப் படியில் தெளிந்த நீர் வருகிறது. அதைப் பிள்ளைகள் கண்ணாலேயே பார்க்கலாம். பூங்காவே பள்ளிக்கூடம் ஆகிவிடுகிறது.

மாலையில் எங்கள் பஸ் உட்லண்ட்ஸ் கடலோரப் பூங்காவில் நின்றது. அங்கே நீர் ஓரமாக ஒன்றரைக் கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. எதிரே நீரிணை. அதற்கப்பால் தெரிவது நம் ஜொகூர் பாரு. நம் ஊரை நாம் அடுத்தவர் கரையில் நின்று பார்த்ததில்லை. கட்டடங்கள் அழகாகத்தான் தெரிந்தன. காய்ச்சலில் கிடந்த அதே பையன் கேட்டான்: "சார், நம்ம ஓடைத் தண்ணியும் இங்கேதானே வரும்?" ஆம், வரும். ஓடை தெப்ராவில் சேர்கிறது; தெப்ராவ் இந்த நீரிணையில் சேர்கிறது. நமக்குக் கடவுச்சீட்டு வேண்டும். காலையில் இரண்டு சாவடிகளில் வரிசையில் நின்றோம். நாம் எறிந்த பிளாஸ்டிக் பைக்கு அதெல்லாம் தேவையில்லை. அது நமக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கும். பாட்டி தலையில் கை வைத்துக்கொண்டு, "ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு எங்க அப்பத்தா சொல்லும். நாம அளக்காமலே போட்டுட்டோம்" என்றார்.

ஆற்றில் போட்டது போய்விட்டது என்று நாம் நினைக்கிறோம். எங்கும் போவதில்லை. 2019-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் நடந்ததை மறந்துவிடக் கூடாது. கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அதன் நச்சுக் காற்று முதலில் சென்று சேர்ந்த இடங்களில் பள்ளிக்கூடங்கள் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றார்கள். அப்பகுதியில் 111 பள்ளிகளை மூடவேண்டியதாயிற்று. ஓர் ஆறு கெட்டால் அது முதலில் தட்டுவது பிள்ளைகளின் மூச்சைத்தான்.

நம் பக்கத்திலும் நல்லது நடக்காமல் இல்லை. ஜொகூர் பாரு நகரின் நடுவே மூடிக் கிடந்த செகெட் ஆற்றை மீண்டும் திறந்து, கரையைச் சீர்ப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே, "அது சிங்கப்பூர், அவர்களிடம் பணம் இருக்கிறது" என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. பணம் வேண்டிய வேலை உண்டு. அதை அரசாங்கம் செய்யவேண்டும், கேட்போம். பணம் வேண்டாத வேலையும் உண்டு. அதில் மூன்றை மட்டும் சொல்லுகிறோம்.

ஒன்று: மருந்துத் தோம்பை ஓடையில் கழுவாதீர்கள். கழுவிய நீரை மறுபடி தோம்பிலேயே ஊற்றி, அடித்த வயலிலேயே அடித்துவிடுங்கள். வெறும் மருந்துக் கலத்தைத் தண்ணீர் பிடிக்க ஒருபோதும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு: கரையை விட்டு வையுங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி முறைப்படி, 5 மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள ஓடைக்குக்கூட இரு பக்கமும் 5 மீட்டர் நிலத்தை மரம் செடியோடு விடவேண்டும். ஆறு அகலமாக ஆக, விடவேண்டிய நிலமும் கூடும். இது நமக்கு யாரும் போடும் பிச்சை அல்ல. தெரிந்து வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்கவேண்டிய செய்தி.

மூன்று: காலில் புண் இருக்கும்போது தேங்கிய நீரில் பிள்ளைகளை இறங்கவிடாதீர்கள். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் சேர்ந்து வந்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் மருத்துவரிடம் போங்கள். ஓடையில் விளையாடியதையும் அவரிடம் சொல்லுங்கள்.

எங்கள் தோட்டத்தில் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்குப் பின்னால் நூறு அடி நீளக் கரையை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதில் முப்பது மூட்டைக்குமேல் குப்பை வந்தது. அதில் எங்கள் பள்ளியின் பழைய பயிற்சிப் புத்தக அட்டைகளும் இருந்தன; பிள்ளைகள் முன்னிலையிலேயே அவற்றைப் பொறுக்கினோம். கரையில் மூங்கிலும் வெட்டிவேரும் நட்டோம். ஒரு பலகை பெஞ்சு போட்டோம். குப்பை வண்டி கேட்டு நிர்வாகத்துக்கு இரண்டு கடிதம் எழுதினோம். பதில் இன்னும் வரவில்லை, மூன்றாவதையும் எழுதுவோம். மழை பெய்தால் மேற்கே இருந்து இன்றும் குப்பை மிதந்து வருகிறது. அதைப் பார்த்துப் பிள்ளைகள் சலித்துக்கொள்கிறார்கள். அந்தச் சலிப்பே நமக்கு வேண்டியது. முன்பு அது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

பாட்டி மாலையில் அந்தப் பெஞ்சில் வந்து உட்காருகிறார். காய்ச்சலில் கிடந்த பையன் இன்னும் ஓடையில் இறங்குவதில்லை. கரையில் நின்று மீன் வருகிறதா என்று பார்க்கிறான். அவன் பயமில்லாமல் காலை நனைக்கும் நாள் வந்தால்தான் எங்கள் வேலை முடிந்தது என்று கொள்வோம்.

உங்கள் தோட்டத்திலும் ஓர் ஓடை இருக்கும். அதற்குப் பெயர் இருக்கிறதா என்று முதலில் வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெயர் தெரிந்த பொருளை எடுத்தெறிய மனம் வராது.